ராகுகாலமும் ஒரு சீப்பு வாழைப்பழமும்: பாபகூராவிலிருந்து ரானுயி வரை

ஆக்லாந்துக்குக் குடிவரப் போகிறோம், வீடு மாற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எனக்கு அவ்வப்போது மின்னஞ்சல் வருகிறது. நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். என்னிடம் போய் ஆலோசனை கேட்கிறார்கள் என்றால் எவ்வளவு கஷ்டத்தில் இருப்பார்கள் என்று நினைத்து, 1996 நவம்பரில் நாங்கள் பாபகூராவிலிருந்து ரானுயிக்குக் குடிபோன பயணத்தை எழுதுகிறேன். நான் செய்ததை அப்படியே தலைகீழாகச் செய்தால் பிழைத்துக்கொள்வீர்கள்.

என் மனைவி செல்வி நர்ஸ். விசா அவளுக்குக் கிடைத்தது. நானும் ஏழு வயது மகள் காவ்யாவும் அவளுடைய லக்கேஜ் மாதிரி கூட வந்தோம். திருச்சியிலிருந்து வந்த முதல் நான்கு மாதம் பாபகூராவில் சிவம் அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில் தங்கியிருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மைத்துனர் குடும்பம் கொழும்பிலிருந்து வந்து இறங்குகிறது. அறையைக் காலி செய்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் செல்விக்கு ஹெண்டர்சன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் முதல் நாள் வேலை. அதற்குத் தோதாக ரானுயியில் ஒரு மரவீடு பேசி வைத்திருந்தோம்.

வீட்டுக்காரர் பெயர் பேரி. அறுபது வயதிருக்கும். சனிக்கிழமை காலை பத்தேகால் வரை சாவியோடு வீட்டில் இருப்பேன், பிறகு படகெடுத்துக்கொண்டு ஒரு தீவுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவேன், செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடலில் நீர் ஏறியிருக்கும்போதே படகை இறக்க வேண்டுமாம். ஆக, பத்தேகாலைத் தவறவிட்டால் எங்களுக்கு வீடு கிடையாது, செல்வி வேலைக்குப் போக வழியும் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் எனக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். திருச்சியிலிருந்து சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கசங்காமல் கொண்டுவந்த தினசரிக் காலண்டர் அப்படித்தான் சொன்னது. அந்த நேரத்தில் புது வீட்டில் கால் வைப்பதா? பதினைந்து நிமிஷம்தானே, மனுஷன் காத்திருக்க மாட்டாரா என்று பேரியின் சார்பில் நானே முடிவெடுத்துவிட்டேன். செல்வியிடம் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்கில் அரை நாளுக்கு இருபத்தைந்து டாலருக்கு டிரெய்லர் எடுத்து, அண்ணனின் பழைய டொயோட்டாவின் பின்னால் மாட்டினோம். கட்டில், மெத்தை, கிரைண்டர், அரிசி மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே துடைப்பம். கிளம்புவதே ராகுகாலத்தில் ஆகிவிடக் கூடாதே என்று, ஒன்பது மணிக்கு முன்பே சாமி படமும் பால் பாத்திரமும் இருந்த பையைக் கொண்டுபோய் வாசல் கேட்டுக்கு வெளியே வைத்தேன். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நிம்மதியாகக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

"தம்பி, எட்டரைக்கு வெளிக்கிடுவம் எண்டு சொன்னனீர். இப்ப ஒம்பதேகால். அந்தக் கயிறு உமக்கு என்ன செய்தது?" என்றார் அண்ணன்.

ஒருவழியாகக் கிளம்பி மோட்டார்வேயில் ஏறிய பிறகுதான் கேட்டுக்கு வெளியே வைத்த பை நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுத்தோம். அந்தத் தாமதம் மட்டும் நான் திட்டமிட்டதல்ல.

பாபகூராவிலிருந்து ரானுயி சுமார் ஐம்பது கிலோமீட்டர். தெற்கு மோட்டார்வேயில் நகரம் வரை, பிறகு மேற்கே திரும்ப வேண்டும். டிரெய்லரோடு ஒரு மணி நேரம் வையுங்கள். எல்லர்ஸ்லி தாண்டியபோது, "டிரெய்லர் டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி தெரியுது, எங்கயாவது நிறுத்துங்கண்ணே" என்றேன்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இன்னைக்குச் சனிக்கிழமை."

"ஆமா."

"ராகுகாலம் பாத்தீங்களா?"

நான் டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"ராகுகாலமோ?" அண்ணன் சிரித்துவிட்டார். "எந்த ஊர் ஒம்பது மணி? உம்மட திருச்சியில இப்ப சாமம் ரெண்டரை மணியெல்லோ. அங்க ஒம்பது அடிக்க இங்க பின்னேரம் நாலரை ஆகும்."

"அப்ப ராகு நாலரைக்குத்தான் வருவாரா?" என்றாள் செல்வி.

"ஓம். அவருக்கும் விசா கிடைக்க வேணுமெல்லோ. அதோட இங்க கோடை எண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியாச்சு. சூரியனைப் பாத்துக் கணக்கெடுத்தா பத்துக்குத் தொடங்கி பதினொண்டரை வரைக்கும் ராகுகாலம்."

மூன்று கணக்கையும் கூட்டிப் பார்த்தால் அன்று முழுக்க வீட்டுக்குள் போகவே நேரமில்லை போலிருந்தது.

"ஹூ இஸ் ராகு?" என்று காவ்யா கேட்டாள்.

"உங்கப்பாவோட ஃப்ரெண்டு" என்றாள் செல்வி. "ரெண்டு வருஷம் பரீட்சை எழுதி வாங்கின வேலைங்க. வீடு போச்சுன்னா நான் என் பாட்டுக்கு அந்த முதியோர் இல்லத்துலயே ஒரு பெட் கேட்டுப் படுத்துக்குவேன். நீங்க உங்க ஃப்ரெண்டோட இருங்க."

நாங்கள் ரானுயி சேர்ந்தபோது பத்து நாற்பது. வீடு பூட்டியிருந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாவோரி அம்மாள், பேரி பத்தரை வரை பார்த்துவிட்டு இப்போதுதான் டெ அடாட்டு படகுத்துறைக்குப் போனார் என்றார். அண்ணன் உடனே வண்டியைத் திருப்பினார். டிரெய்லரோடு அவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

படகுத்துறைக்கு ஒன்பது கிலோமீட்டர். அங்கே டிரெய்லர்கள் வரிசையில் நின்றன. எல்லாவற்றிலும் படகு, எங்களுடையதில் கட்டில். பின்னால் நின்றவர் இறங்கி வந்து கிரைண்டரைத் தட்டிப் பார்த்து, "இது என்ன மோட்டார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

பேரியின் படகு அதற்குள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. செல்வி கூப்பிட்ட குரலில் வரிசை முழுக்கத் திரும்பியது. அவர் எங்களைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டினார். புது வீட்டுக்கென்று கட்டிய சுங்குடிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செல்வி தண்ணீரில் இறங்கினாள்.

சும்மா நின்றிருக்கலாம். "வெறுங்கையோட போகாத செல்வி" என்று, பூஜைக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பை அவள் கையில் திணித்தேன்.

அவள் முழங்கால் ஆழத்தில் நடந்து கையை நீட்டினாள். பேரியும் சாவியோடு குனிந்தார். பழத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. துடுப்பை எடுத்து ஊன்றி, படகைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார், சாவியோடு.

"வேண்டாம், வேண்டாம். வாழைப்பழத்தைத் தூரக் கொண்டு போங்கள்" என்று கத்தினார். படகுக்குப் பக்கத்தில் வாழைப்பழம் வந்தால் மீன் சிக்காதாம், இன்ஜின் நின்றுவிடுமாம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வரிசையில் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

செல்வி கரைக்குத் திரும்பி வந்து சீப்பை என் கையில் வைத்தாள். "இந்தாங்க. உங்க கூடப் பொறந்தவரு அங்க படகுல நிக்கறாரு, போய்ப் பேசிட்டு வாங்க."

நான் கார் நிறுத்துமிடத்தின் கடைசியில், கழிப்பறைக்குப் பின்னால், பழத்தோடு மறைந்து நின்ற பிறகுதான் பேரி படகை அருகில் கொண்டுவந்தார். எங்கள் முதல் வீட்டுச் சாவி கைக்கு வந்த காட்சியை அதனால் நான் பார்க்கவில்லை. மணி பதினொன்று தாண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பால் காய்ச்சினோம். "எந்தக் கணக்குல நல்ல நேரம்?" என்று கேட்டுக்கொண்டே செல்வி ஈரப் புடவையோடு அடுப்பைப் போட்டாள். பால் நன்றாகவே பொங்கியது. மிச்சத்தில் அண்ணனுக்கு டீ. திங்கட்கிழமை ஆறரைக்கே செல்வி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டிரெய்லரை முந்தின நாளே சொல்லி வையுங்கள், சனிக்கிழமை கிடைப்பது கஷ்டம். சாவி வாங்கும் நேரத்தைக் காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கேளுங்கள். இங்கே மனிதர்கள் காத்திருப்பார்கள், கடல் காத்திருக்காது. வீட்டுக்காரருக்குப் படகு இருந்தால் ஆப்பிள் வாங்கிப் போங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேரி வந்தார். செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பெரிய ஸ்னாப்பர் மீன். சாவி வாங்கும்போதே என் காலண்டர் கதையைச் செல்வி அவரிடம் சொல்லியிருக்கிறாள். வாசற்படியில் நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம், உன் காலண்டர் மீனுக்கும் நேரம் சொல்லுமா என்று கேட்டார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். நானும் பெருமையோடு நேரம் பார்த்துச் சொல்வேன். ஒருமுறை நான் கடைக்குப் போயிருந்தபோது செல்வி எடுத்தாள். "எப்ப வேணும்னாலும் போங்க பேரி, சீக்கிரம் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அந்த வாரம் அவருக்குக் கிடைத்ததைப் போல் மீன் அதுவரை கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகும் பேரி வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்தார். நான் எடுத்தால், செல்வி இருக்கிறாளா என்று கேட்பார்.