ரிவர்ஸில் ஏறிய ஏற்றம்

கணேசமூர்த்திக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போவது பதினொரு வருடமாக அவருடைய பிழைப்பு. பிள்ளைகளை இறக்கிவிட்டால் மற்ற டிரைவர்கள் டீக்கடையில் உட்காருவார்கள். இவர் வேனைச் சுற்றிச்சுற்றி வருவார். டயரைத் தட்டுவார், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். அப்படிப்பட்டவர் கியர் பொக்ஸ் ஒயிலை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

நவம்பர் மழையோடு ஒரு முனகல் தொடங்கியது. வேகம் கூடினால் கூடும். கிளச்சை மிதித்தால் அடங்கும். தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் பைஸர் நானா வேனுக்கடியில் குனிந்து, விரலில் ஒட்டிய கறுப்பைக் காட்டினார்.

"சீல் கசியுது. உள்ள ஒயில் இருக்கோ என்னமோ. ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போங்க."

"உயர்தரப் பரீட்சை வருதுங்க நானா. ஏழு பிள்ளைங்கள ஏத்தணும்."

"அப்ப ஒயிலையாவது ஊத்திட்டுப் போங்க. அரை மணித்தியாலம்."

அந்த அரை மணித்தியாலம் நிற்க அவரால் முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்த நாளை வரவேயில்லை.

அதன்பிறகு முனகல் அவர் காதைவிட்டுப் போகவில்லை. பாட்டை நிறுத்தினார். பிள்ளைகளைப் பேசாமல் வரச் சொன்னார். கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்த மனைவி நாகலெட்சுமியைக் கூடையை இறக்கியதும் வேனில் ஏற்றி, லயத்து வீடுகளைச் சுற்றி ஓட்டினார்.

"கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. கேட்டுக்கிட்டே ஏன் ஓட்டுறீங்க?"

அவர் இன்னொரு சுற்று ஓட்டினார்.

பரீட்சையின் இரண்டாம் நாள் காலை, மெயின் ரோட்டுக்குப் போகும் ஏற்றத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே, 'கறக்'கென்று ஒரு சத்தம். ஒன்றாம் கியர் விழவில்லை, இரண்டாம் கியரும் விழவில்லை. மூன்றில் போட்டுப் பார்த்தார். வேன் இருமிவிட்டு நின்றது. மணி ஏழு பத்து. மெயின் ரோட்டில் ஏழரைக்கு பஸ். இடையில் இரண்டு கிலோமீற்றர், கொட்டும் மழை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எதற்கும் பார்ப்போமென்று ரிவர்ஸைப் போட்டார். அது விழுந்தது.

பிரேக்கை மெல்ல விட்டு வேனைப் பின்னால் இறக்கி, மடுவத்து வெளிக்குள் நுழைத்து, அங்கிருந்து முன்னால் உருளவிட்டு, மூக்கு பள்ளத்தைப் பார்க்கத் திருப்பினார். பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டார். "வினோதா, பின் கண்ணாடிகிட்ட ஒக்காரும்மா. வளைவு வந்தா சொல்லு, ஆள் வந்தா கத்து." ரிவர்ஸிலேயே ஏறத் தொடங்கினார். கழுத்து திரும்பியபடி, ஹோர்னில் ஒரு கை. "எடதுங்க அங்கிள். இன்னும் எடது. ஆட்டோ வருது, நில்லுங்க." ஆட்டோக்காரன் வாயைப் பிளந்துகொண்டு ஒதுங்கினான். மேலே ஏறும்போது பஸ் தூரத்து வளைவில் தெரிந்தது. ஏழு பேரும் ஏறினார்கள்.

மறுநாள் கராஜுக்குக் கட்டியிழுத்து வந்த வேனின் கியர் பொக்ஸை பைஸர் நானா திறந்தார். ஒயிலென்று அடியில் கிடந்தது ஒரு கோப்பைகூட இல்லை. அதிலும் இரும்புத்தூள் மினுங்கியது.

"பெயாரிங் தேஞ்சிருக்கு. கியர் ஒண்டையும் ரெண்டையும் தள்ளுற கவையும், அதான் ஃபோர்க், போச்சு. நீங்க ஓட்டக்குள்ள எந்நேரமும் கியர்க் கம்பில கைய வச்சிருப்பீங்களே?"

"ஆமா நானா. சும்மா வச்சிருப்பேன்."

"அந்தச் சும்மாதான் கவையத் தேய்ச்சது. ரிவர்ஸுக்குக் கவை வேற, அதால தப்பிச்சீங்க. இனி சேர்விஸுக்குச் சேர்விஸ் இந்த ஒயிலையும் பாருங்க. ஏத்தத்துல பாதி கிளச்சில வேனப் பிடிச்சு நிக்காதீங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. முழுசா நிக்காம ரிவர்ஸ் போடாதீங்க. சத்தம் வந்தா அண்டைக்கே வாங்க."

பழைய வேனொன்றின் கியர் பொக்ஸ் கம்பளையிலிருந்து வந்துசேர ஒன்பது நாளாகும் என்றார்.

அந்த ஒன்பது நாளும் கணேசமூர்த்திக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பரீட்சை நாட்களில் விடிந்ததும் பிள்ளைகளோடு குடையைப் பிடித்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடந்தார். பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி தலவாக்கலைக்குப் போய், கராஜ் வாசலில் நின்றார். கியர் பொக்ஸ் வந்து, அதைப் பூட்டிய நாளும் அப்படித்தான்.

"ஒக்காருங்களேன்," என்றார் பைஸர் நானா, ஸ்டூலை நகர்த்தி.

"இருக்கட்டும் நானா. இன்னும் எத்தனை போல்ட்டுங்க?"

"ஒக்காந்தாதான் சொல்லுவேன்."

கணேசமூர்த்தி உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது.