செத்த சார்ஜன் கிழங்கு உரித்தான்

“செத்தவன் எப்படி எழும்பி வந்தான்?” என்று இன்று நான் கேட்கவில்லை.

ஸ்காபரோவில் எங்கள் திரைப்படக் கழகம் ஒரு பழைய பிரசாரப் படம் போட்டது. அரசனின் சிப்பாய்கள் புரட்சியில் சேரும் கதை. பாலத்தில் புரட்சிக்காரரோடு சேர்ந்தார்கள், அவர்களின் சார்ஜன் குண்டுபட்டுச் செத்தான். அடுத்த ரீலில் அதே சார்ஜன் உருளைக்கிழங்கு உரித்தான். புரட்சிக்காரர்கள் மறுபடி அரசனுக்குச் சல்யூட் அடித்தார்கள்.

எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு பார்த்தோம். காலத்தைக் குலைத்துச் சொல்லும் உத்தி என்று நான் குறிப்பும் எடுத்தேன்.

மண்டபம் கூட்டவந்த அண்ணை தும்புத்தடியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே தமிழ் முகம் நான் மட்டும்தான்.

“தங்கச்சி, ரீல் மாறிப் போச்சு. சூப்பவைசர் கண்டா ஏசுவான், எண்டாலும் உந்தப் பிழையைப் பாத்துக்கொண்டு போகேலாது. ஊரில பன்னிரண்டு வருஷம் தியேட்டர் ஒப்பரேட்டரா இருந்தனான்.”

கழகத் தலைவனிடம் சொன்னேன். சிரித்தான். அந்த இயக்குநரின் பாணியே அதுதானாம்.

“பாணியோ? செத்தவன் கிழங்கு உரிக்கிறான், நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறியள்! ரீல் நம்பரைப் பாக்கச் சொல்லும்,” என்றார் அண்ணை.

பார்த்தார்கள். மூன்றும் நான்கும் மாறியிருந்தன.

அண்ணையே ரீல்களைச் சரியாகப் போட்டார். இம்முறை சிப்பாய்கள் பாலத்தில் சேர்ந்தபோது மண்டபமே எழுந்து கைதட்டியது. பாதிப் பேர் திரையைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி அண்ணையைப் பார்த்துத் தட்டினார்கள்.

இப்படி ரீல் மாறியதும் தெரியாமல் பயபக்தியோடு பார்த்த படம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்தை ஓட்டச் சொல்லி, புரொஜெக்டர் அலுமாரிச் சாவியை அண்ணையிடம் கொடுத்துவிட்டார்கள்.