சிங்கப்பூரில் பதிவான முகம்

"அண்ணாந்து பாருங்க. இமைக்காதீங்க. ம், இப்ப அந்த பெங்களூர் பஸ் போர்டைப் படிங்க."

கண்ணில் நீர் வழிய, பொடி தீட்டிக்கொண்டவர் "பெங்களூர்" என்பார். எழுத்தறியாதவர்கள்கூட இந்தப் பரீட்சையில் தவறியதில்லை.

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் அப்துல் சுபான் பாய் விற்பது, கண்ணுக்கிடும் கரும்பொடியான சுருமா. சிமிழின் மூடியில் அவர் முகமே முத்திரை: துருக்கித் தொப்பி, கத்தரித்த தாடி, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவரைப் பார்ப்பது போன்ற சிரிப்பு. "நம்மளுது போட்டா சாவற வரைக்கும் கண்ணாடி வாணாம்ங்க" என்று உத்தரவாதம் தருவார். யார் சாகும்வரை என்று சொல்வதில்லை.

எழுபத்தொன்றில், சிங்கப்பூரில் இந்தச் சிமிழை விற்றுவந்த மைத்துனர் தாவூதிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே எவனோ இதே முகத்தை ஒட்டி அடுப்புக்கரியை விற்கிறானாம். வாங்கியவர்கள் தாவூதைத் திட்டுகிறார்களாம். பாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"பொடியை எவன் வேணா இடிக்கட்டும். மூஞ்சிய எப்படிங்க திருடலாம்?"

முத்திரையை அந்த நாட்டிலேயே பதிவு செய்தால்தான் அவனைத் தடுக்கலாம் என்றார் டிரேட்மார்க் வேலை பார்க்கும் சென்னை ஏஜென்ட் ஒருவர். பாய் விண்ணப்பித்தார். வந்த ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை, பக்கத்துக் கடைக்காரனான என் தலையில் விழுந்தது.

முதல் கடிதம், படத்திலிருப்பவரின் எழுத்துமூலமான சம்மதத்தைக் கேட்டது. அப்துல் சுபான் தன் முகத்தைப் பயன்படுத்த அப்துல் சுபானுக்கு அனுமதி தந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது கடிதம் இடியாக வந்தது. தொப்பியும் தாடியுமாக வேறொருவர் முகம் அங்கே ஏற்கெனவே கண்மருந்துக்குப் பதிவாகியிருக்கிறது. வேறுபாடு காட்ட வேண்டும். படத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்தால் போதும் என்று ஏஜென்ட் யோசனை எழுதியிருந்தார்.

"சுருமா டப்பாவுல கண்ணாடியா? இதுக்கு நான் கரியே வித்துரலாம்!"

உள்ளேயிருந்து மனைவி அக்தர் பேகம் குரல் கொடுத்தார்: "படத்துலதானே போடறாங்க. உங்க கண்ணையா புடுங்கறாங்க?"

எழுபத்து மூன்றில் கண்ணாடியோடு பதிவு கிடைத்தது. கரிக்காரனும் கடையைக் கட்டினான். பாய் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டினார்.

நிம்மதி நிலைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர், அங்கே வாங்கிய சிமிழையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் ஆளு கண்ணாடி போட்டிருப்பாரே. நீங்க அவரு தம்பிங்களா?" என்று கேட்டுவிட்டார். சொந்தக் கடையில், சொந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த மனிதரிடம் கேட்ட கேள்வி இது. மறுநாள் கறுப்பு ஃபிரேம் ஒன்று அவர் மூக்கில் ஏறியது.

போன சந்தையன்று பாலக்கோட்டு விவசாயி கருப்பண்ணன் சிமிழைக் கையில் வாங்கியவர், தயங்கி நின்றார்.

"ஏன் பாய், இதப் போட்டா கண்ணாடியே வாணாம்னீங்க. நீங்களே மாட்டிக்கிட்டிருக்கீங்களே?"

பாய் குச்சியைப் பொடியில் தொட்டார். வில்லைகளே இல்லாத அந்த ஃபிரேமுக்குள் அதை நேராக நுழைத்து, தன் கண்ணில் நிதானமாகத் தீட்டிக்கொண்டார்.