கண்ணாடி லாரிக்காரரின் ரேடியோ

என்ஜினை அணைக்கிறார். விளக்குகளை அணைக்கிறார். போன் சார்ஜரைப் பிடுங்கிப் போடுகிறார். ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும் எதுவும் வண்டியில் உயிரோடு இருக்கக் கூடாது. பிறகு ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மின்கம்பிகள் போகாத பக்கமாக நடந்து, பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, மடியில் வைத்து மெல்லத் திருப்புகிறார். மீடியம் வேவ் அலைவரிசைக்குப் பெட்டி எந்தத் திசையில் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

"ஏத்தியிருக்குற கண்ணாடியைக்கூட இவ்வளவு பதமா பிடிச்சதில்ல" என்றான் மாற்று ஓட்டுநர். லாரிக்காரருக்கு மனைவியின் தம்பி. சரக்குக்குத் துணையாக நான் உடன் வந்திருந்தேன்.

சாலையில் அவர் சாதுவான மனிதர். முந்துகிறவனிடம், "போ ராசா, நீதான் உலகத்தைத் திறக்கணும்" என்று வழிவிடுவார். வெயில் இறங்கத் தொடங்கினால் வேறு ஆள். நகத்தைக் கடிப்பார். பகலில் சிக்காத தூரத்து நிலையங்கள் அப்போதுதான் மேலேறி வரும். எங்கோ ஒரு பாட்டு, எந்த மொழியிலோ பயிர் விலை. "நீ இல்ல... நீயும் இல்ல" என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போவார்.

சொந்த ஊர் நிலையத்தில் மாலை வானிலை அறிக்கையை வாசிப்பவர் அவர் மனைவி. தொண்டையில் கட்டி; ஏற்கெனவே ஒருமுறை குரல் நின்றுபோய்த் திரும்பியிருந்தது. குரல் மறுபடி நின்றால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது; அதற்குப் பிறகு பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"போன்ல கேட்டா, 'நல்லாத்தான் இருக்கேன், ரோட்டைப் பாருங்க'ன்னு வெச்சிடுவா. ரேடியோவுல அப்படித் தப்பிக்க முடியுமா? முழுசா வாசிச்சாகணும்ல."

தூரம் கூடக் கூடச் சந்தேகமும் கூடும். தேய்வது அலையா, அவளா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "குரல் அமுங்கி இரைச்சல் ஏறினா அது வானம். இரைச்சல் அப்படியே இருக்க, குரல் மட்டும் இறங்கினா அது அவ."

அன்று குரல் கிடைத்தது. மெலிந்த, நிதானமான குரல். கடலோரக் காற்று, மலைப்பகுதி மழை என்று வரிசையாகச் சொன்னது. அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. 'வடக்கே' என்று ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது.

"வானம்தான் மாமா. நடுவுல மலை வேற மறைக்குது."

அவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார். இரைச்சல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அதே சீரான சீறல். அதன் நடுவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு ஆண் குரல், விட்ட வாக்கியத்திலிருந்து வடக்கே பெய்யப்போகும் மழையை வாசித்தது.

"வேற ஸ்டேஷன் ஏறிடுச்சு..." என்று தொடங்கிய மச்சான் முடிக்கவில்லை. அவனுக்கு அது அக்கா.

அறிக்கை முடியும்வரை அவர் அசையவில்லை. முடிந்ததும் போனை எடுத்தார். நெடுநேரம் மணி அடித்தது. எடுக்கப்பட்டதும் அவசரமாகச் சொன்னார்:

"பேசாத. ஒண்ணும் பேசாத. இருக்கேன்னா ஒரு தட்டு தட்டு, போதும்."

ஒரு காதில் போனை அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சற்றுக் கழித்து, அவரும் போனின் முதுகில் விரல் நகத்தால் மெதுவாக ஒருமுறை தட்டினார்.