மாதா படத்துக்குப் பின்னால்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் சீமெந்துக் கற்கள் இரண்டே மழையில் உதிர ஆரம்பித்தன. கல் தரமில்லை, அரசாங்கம் உதவும், பார்க்க ஆள் வரும் என்றார்கள்.

பெரிய மனுசர் வருகிறாரே என்று வீட்டைக் கூட்டிக் கழுவி, சுவரில் கை நுழையும் அளவுக்கு இருந்த வெடிப்பின் மேல் மாதா படத்தை மாட்டிவைத்தேன்.

வந்த ஐயா படத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினார். சுவரைத் தொடவேயில்லை.

"வீட்ட நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி, ஏதோ எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உதவி கிடைப்பவர்கள் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

"ஏன்க்கா வெடிப்ப மறைச்சீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு செல்வி.

"வெக்கமா இருந்துச்சு."

"இந்தக் கல்ல குடுத்தவனுக்கே வராத வெக்கம் ஒங்களுக்கு எதுக்கு?"

மறுபடி வந்து பார்க்கச் சொல்லி எழுதிப்போட்டுக் காத்திருக்கிறேன். படத்தை வேறு சுவருக்கு மாற்றிவிட்டேன். இப்போது யார் வந்தாலும், தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்னே அந்த வெடிப்பைத்தான் காட்டுகிறேன்.