லொய்தா காத்த ரகசியம்

எங்கள் நாடு விண்வெளிக்குப் போகப்போகிறது என்று அமைச்சர் வானொலியில் அறிவித்த அன்று எங்கள் ஊரான ஒபோக்கில் மின்சாரம் இல்லை. எங்களுக்கு அது தாகு வழியாகத்தான் வந்தது. அஃபார் இடையர்களான எங்கள் மண்ணில் இரண்டு பேர் வழியில் சந்தித்தால் கைகளை முத்தமிட்டு, உட்கார்ந்து, மழை எங்கே, மேய்ச்சல் எங்கே, யார் செத்தார் என்று கண்டதையும் கேட்டதையும் கலப்படமில்லாமல் சொல்லியாக வேண்டும். அதுதான் தாகு. அதில் பொய் சொன்னவனுக்கோ மறைத்தவனுக்கோ அப்புறம் கிணறு இருக்கும் திசையைக்கூட யாரும் காட்ட மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ரகசியம் காக்க ஆள் தேடினார்கள். லொய்தா தினி அகப்பட்டான். வறட்சியில் மந்தையையே பறிகொடுத்தவன்; எந்த வேலை என்றாலும் தலையாட்டியிருப்பான். குட்டிச் செயற்கைக்கோள் ஏவுதளத்துக்குக் காவலாளி என்று சொல்லிச் சீருடையும் தொப்பியும் கொடுத்தார்கள். உள்ளே கண்டதைப் பத்து வருடம் வெளியே சொல்லக் கூடாது என்ற தாளில் கைநாட்டு வாங்கினார்கள்.

உள்ளே ஓர் அடிக்கல், ஒரு கொடிக்கம்பம், வெடித்துப்போன சிமெண்டுத் தளம், பூட்டிய கண்டெய்னர் ஒன்று. ஏழு மாதம் அவன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தது இதைத்தான். எந்த வல்லரசும் உளவு பார்க்க வராததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. தூரத்தில் ஆள் தலை தெரிந்தால் கண்டெய்னருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். சந்தித்தால்தானே தாகு கேட்பார்கள். காவலாளி ஒளிந்துகொள்கிற ஏவுதளம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு ராக்கெட் வந்தது. ராக்கெட் செய்ய ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் லாரியிலிருந்து நாலு பேர் அதைத் தோளில் தூக்கி, பேசிச் சிரித்தபடியே இறக்கினார்கள். லொய்தாவுக்கு அது உறுத்தியது. அவர்கள் போனதும் தட்டிப் பார்த்தான். பலகை. வாலில் பூசிய வண்ணம் காயாமல் விரலில் ஒட்டியது.

மறுநாளே ஆணை வந்தது. வியாழக்கிழமை ஏவுகிறார்களாம், பள்ளத்தாக்கில் மேய்க்கும் குடும்பங்களெல்லாம் மந்தையோடு இரண்டு நாள் நடைதூரம் விலகிப் போக வேண்டுமாம். அந்தத் திசையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குட்டிகள் முதல் நாளே சுருண்டு விழும். ஆணையில் கையெழுத்துப் போட்டவர் பதூல். ஒபோக்கிலேயே பிறந்து, ஆட்டுப்பால் குடித்து வளர்ந்து, தலைநகரில் டை கட்டப் பழகிய அதிகாரி.

லொய்தாவின் மச்சான் கத்திதோ ஏவுதளத்து வாசலில் வந்து உட்கார்ந்தான். லொய்தா வழக்கம்போல ஒளிந்தான். மச்சான் எழுந்திருப்பதாக இல்லை. உச்சி வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“மச்சான், உன் தொப்பி தெரியுது. வெளிய வா.”

வந்தான். வேலிக் கம்பி இடுக்கில் கைகளை முத்தமிட்டுக்கொண்டார்கள்.

“எம்பது ஆடு. பாதி சினை. ஓட்டிட்டுப் போகவா வேணாமா? என்ன சேதி, சொல்லு.”

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மச்சானின் மந்தை போகும். அதற்குப் பிறகு இந்த மண்ணில் எவன் முகத்திலும் விழிக்க முடியாது. பயந்துகொண்டேதான் லொய்தா வாயைத் திறந்தான்.

“உள்ள ஒண்ணும் இல்ல மச்சான். ராக்கெட்டு வெறும் பலகை. நானே தட்டிப் பாத்தேன்.”

எந்தச் செயற்கைக்கோளின் தயவும் இல்லாமல் அந்தச் செய்தி இரண்டே நாளில் எத்தியோப்பிய எல்லையைத் தொட்டது. ஒரு குடும்பமும் நகரவில்லை.

வியாழக்கிழமை வெளிநாட்டு விருந்தினர்கள் குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியபோது பள்ளத்தாக்கு முழுக்க ஆடு. தேசத்தின் கனவை ஆடுகள் தள்ளிப்போட்டுவிட்டன என்று அமைச்சர் வருந்தினார். பலகைக்குத் தீ வைக்க வேண்டியிருக்குமோ என்று கலங்கியிருந்த கம்பெனிக்காரர்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆடுகளுக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்.

கார்களெல்லாம் போன பிறகு பதூல் லொய்தாவைக் கூப்பிட்டு, நீதான் சொன்னாயா என்று கேட்டார். கேட்டார்கள், சொன்னேன் என்றான். சீருடையைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தான். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பதூல் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு டையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

“கம்பெனிக்காரங்க கண்டெய்னர் சாவிய எனக்கும் தரமாட்டேங்கறாங்க. அடுத்த மாசம் நிச்சயம்னு சத்தியம் பண்றாங்க. என்ன சேதி லொய்தா?”

வேலையைப் பிடுங்கிய கை. ஆனாலும் கேட்டது தாகு. இருவரும் கைகளை முத்தமிட்டுக்கொண்டார்கள்; லொய்தா அடிக்கல் முதல் காயாத வண்ணம்வரை ஒன்று விடாமல் சொன்னான். பதூல் தலை குனிந்து கேட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. அமைச்சர்.

“எல்லாம் தயாரா இருக்குங்க ஐயா. அடுத்த மாசம் பறந்துடும். ஆட்டுக்காரங்கள நான் பாத்துக்கறேன்.”

லொய்தா எழுந்து, வெறும் லுங்கியோடு நடந்தான். மேட்டுக்குக் கீழே ஆடுகளுக்கு நடுவில் கத்திதோ காத்திருந்தான். என்ன சேதி என்றான். லொய்தா உட்கார்ந்தான். வேலை போனதைச் சொன்னான். ஆடுகளுக்கு இன்னும் ஒரு மாதம் தொந்தரவில்லை என்றான். பிறகு, மறைக்கக் கூடாது என்பதால், கடைசியாகப் பதூல் தொலைபேசியில் அமைச்சரிடம் சொன்னதையும் சொன்னான்.

“பதூலுக்கும் இப்ப எல்லாம் தெரியும் மச்சான். கையில முத்தம் குடுத்துத்தான் கேட்டுக்கிட்டார்.”