சாயக்காரர் வீட்டுப் பவழம்

பிள்ளையார்பாளையத்தில் என் அண்ணன் தணிகாசலத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் என்பது மட்டும்தான். அரக்குச் சிவப்பு அவர் கைக்கு வருகிற மாதிரி யாருக்கும் வராது என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கு அரக்கும் பிடிக்காது, சாயமும் பிடிக்காது. அவருக்குப் பிடித்தது கடல்.

விலங்கியல் படித்துவிட்டு மண்டபம் என்கிற கடலோர ஊரில் கடல் ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் இரண்டு வருஷம் உதவியாளராக இருந்தார். தினமும் படகில் போய் தண்ணீருக்கடியில் பவழங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கிற வேலை. 1968இல் அப்பா திடீரென்று போய்விட்டார். சாயம் காய்ச்சுகிற செப்புக் கொப்பரையில் நூல் கிடக்கிறது, நெசவுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், வீட்டில் ஆண்பிள்ளை இவர் ஒருவர்தான். வேலையை விட்டுவிட்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அதே வருஷம்தான் நானும் திரும்பி வந்தேன். முசரவாக்கத்தில் என்னைக் கொடுத்திருந்தார்கள். நான் அங்கே போன வருஷத்திலேயே மாமனார் படுத்த படுக்கையானார், கறவை மாடு செத்தது, கிணறு வற்றியது. எல்லாம் என் கைராசி என்றார்கள். வீட்டுக்காரர் என்னைப் பேருந்தில் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எங்கள் அம்மா அங்கம்மாள் பெற்ற தாய்தான். ஆனாலும் பால் திரிந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் கோபக்காரி. அம்மா வீட்டில் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். அங்கிருந்தும் அனுப்பிவிட்டால் எங்கே போவது?

1970 சித்திரையில் அண்ணனுடைய பழைய அதிகாரி திருஞானசம்பந்தம் மண்டபத்திலிருந்து கடிதம் எழுதினார். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் ஒரு சின்னத் தொட்டியில் பவழம் உயிரோடு இருக்குமா என்று தெரியவேண்டும். ஒரு வருஷம் வைத்துக் காட்டினால் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், பிறகு பழைய வேலையிலேயே சேர்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். அண்ணன் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சாயப் பட்டறையைச் சித்தப்பா மகனிடம் விட்டுவிடலாம் என்று பேசியும் வைத்துவிட்டார்.

மண்டபத்துக்குப் போய்க் கைப்பிடி அளவில் இரண்டு பவழங்களை ஜாடியில் வைத்து, ரயிலில் மடியிலேயே ஏந்திக் கொண்டுவந்தார். முற்றத்து வெயில் படுகிற இடத்தில் தடித்த கண்ணாடித் தொட்டி. காற்று ஊதுகிற குட்டி மோட்டார் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. மாதத்துக்கு ஒருமுறை முதல் பேருந்தில் மாமல்லபுரம் போய் இரண்டு கேன் கடல் தண்ணீர் எடுத்துவருவார். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பால்காரர்கள் பாலில் விடுகிற மானிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடலில் எத்தனை பங்கு தண்ணீர் கலந்திருக்கிறது என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

பவழவண்ணப் பெருமாளைத் தினம் சேவிக்கிற ஊர் இது. பவழம் என்றால் சிவப்பாக, மாலை கோக்கிற மாதிரி இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். பகலில் அது வெறும் பழுப்புக் கல். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல்தான் கல்லெங்கும் நெல்முனை அளவில் விரல் விரலாக வெளியே நீளும். அண்ணன் இறாலை மசித்து ஈர்க்குச்சி நுனியில் வைத்து நீட்டுவார். விரல்கள் வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். சாயக் கொப்பரையில் வேலை செய்த கையோடு மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார். சாயம் ஆகாது போலிருக்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

ஆடி போய், ஐப்பசி மழை போய், தை போய், மறுபடியும் சித்திரை வந்தது. கல்லின் ஓரத்தில் புதிதாக ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. அதிகாரி வைகாசியில் வருவதாக எழுதிவிட்டார். அப்போது பார்த்துக் கச்சாப் பட்டு வாங்க அண்ணன் பெங்களூருக்குப் போகவேண்டி வந்தது. ஒன்பது நாள் வேலை. கிளம்பும்போது என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் கண்ணாடியில் போட்டிருந்த கோட்டைக் காட்டினார்.

"வெயில்ல தண்ணி வத்திக்கினே இருக்கும், உப்பு வத்தாது. அதனால கடல் தண்ணி ஊத்தாத ஜெயம்மா. கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்து."

அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். என் கையை நம்பி ஒருவர் ஒரு காரியத்தைக் கொடுத்து மூன்று வருஷமாகியிருந்தது. அதற்கு முன் தினமும் விடியற்காலையில் அவரேதான் தண்ணீர் விடுவார், மண்பானையிலிருந்து. அதை நான் கவனித்ததில்லை. எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் பூஜை அறையில் இருக்கிற செப்புக் குடத்துத் தண்ணீர்தான். ஜுரம் வந்தவர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். நான் தினமும் தலைக்குக் குளித்துவிட்டு, அந்தக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, தண்ணீர் நிரப்பித் துளசி போட்டு வைப்பேன். மறுநாள் காலையில் அதைத்தான் கோடு வரைக்கும் ஊற்றினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நாலாம் நாள் விரல்கள் வெளியே வரவில்லை. ஏழாம் நாள் கல்லின் மேலிருந்த பழுப்புத் தோல் சளி மாதிரி கரைந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று எலும்பு தெரிந்தது. நான் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றினேன்.

அண்ணன் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியைப் பார்த்தார். என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். குடத்தை விளக்கியதைக்கூட, பெருமையா பயமா தெரியவில்லை, விடாமல் சொன்னேன். பூஜை அறைப் பக்கம் திரும்பி அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்து, இவள் தொட்டால் எதுதான் உருப்பட்டது என்று ஆரம்பித்தாள். அண்ணன் சட்டென்று, வெயில் ஜாஸ்தி, தண்ணீர் சூடாகிவிட்டது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நானும் அதை நம்பினேன்.

வைகாசியில் திருஞானசம்பந்தம் சொன்னபடியே வந்தார். வெளுத்துப்போன கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக வளர்ந்த ஓரத்தைத் தடவிவிட்டு, பதினோரு மாதம் நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று வருத்தப்பட்டார். அம்மா காபி கொடுத்துவிட்டுத் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"தாமிரம் ஏதாவது பட்டுதா தணிகாசலம்? துளி பட்டாலே இதுங்க செத்துப்போயிடும், உனக்குத் தெரியாததில்ல. அப்படின்னா அது ஒரு விபத்து. இன்னொரு வருஷம் வெச்சுப் பாக்கலாம், நான் எழுதி அனுமதி வாங்கிடுவேன். வெயில்தான் காரணம்னா, இந்த ஊருக்கு இது ஒத்துவராதுன்னு எழுதி முடிச்சுட வேண்டியதுதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.  அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

"தாமிரம் எதுவும் படல சார். வெயில்தான்."

அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா உட்கார்ந்திருக்கிறாள், தெருவுக்கே தெரிந்துவிடும், முசரவாக்கத்தில் சொன்னது சரிதான் என்றாகிவிடும். நான் பேசவில்லை. அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, அண்ணன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு சாக்கடையில் ஊற்றினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் மொள்வதை நிறுத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"சொல்லி என்னா பண்றது? நீ இந்த வீட்ல இருக்கணும் இல்ல."

அதற்கப்புறம் அவர் மாமல்லபுரம் பக்கமே போகவில்லை. கலியாணம் செய்துகொண்டார், ஒரு பெண் பிறந்தாள். அரக்குச் சிவப்பில் பேர் வாங்கினார். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் என்னை நேராகப் பார்த்துப் பேச அவருக்கு வெகு காலம் ஆனது. 1978இல் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, என் மேல் கோபமா அண்ணா என்று கேட்டேன்.

"இருந்துதும்மா. இல்லன்னு சொன்னா பொய். அப்பறம் போயிடுச்சு. மண்டபம் போகணும்ன்ற ஆசைதான் போகல."

நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டார்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நாலு நாள் திட்டியிருப்பாள். ஐந்தாம் நாள் சோறு போட்டிருப்பாள். அந்த நாலு நாள் திட்டை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம்.